உடம்புச் சூட்டில் ஒரு போத்தல்

கொழும்பில் ஓர் ஆம்பிளை பத்து நிமிஷம் தனியாக இருக்க இடம் கிடையாது என்பதை நாற்பது வயது தாண்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருப்பது ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஓர் அறை, ஒரு ஹோல், மூலையில் குசினி என்று பெயர் வைத்த ஒரு மேசை. குளியலறை கீழே, வீட்டுக்காரம்மாவுக்கும் எங்களுக்கும் பொது. அதன் கதவில் நாதாங்கி சரியாக விழாது. அந்தக் குளியலறைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற காலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். அவன் பிறந்த அன்று என் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் நின்றபோது, உள்ளே போவதும் வருவதுமாக இருந்த ஒரு தாதியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படியோ பிழைத்து வந்தாள். இன்னொரு தரம் இவளை அந்த வாசலுக்குள் அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் போய், எனக்கே கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துகொண்டேன். சின்ன வேலை. விதைக் குழாயை இரண்டு பக்கமும் வெட்டிக் கட்டிவிட்டு, அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் வேலை செய்வது புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில், பைப் பகுதியில். அங்கே உள்ளவர்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "அண்ணை மெயின் வால்வைப் பூட்டிட்டார்" என்று ஒரு கிழமை சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பிறகு தேவைப்பட்டா என்ன செய்யுறது?" என்று கேட்டாள். "எங்களுக்கு இவன் ஒருத்தன் காணும்" என்றேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் டெங்கு வந்தது. அது டெங்கு என்று எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சல். என் மனைவி பனடோல் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள், இரவெல்லாம் நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கடைக்கு எனக்குப் போன் எடுத்து, "உடம்பு குளிர்ந்திட்டுது, இப்ப பாண் கேக்கிறான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரமாம். அதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது.

செத்த வீட்டில் என் அக்கா, வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "மூண்டு நாள் வீட்டில வைச்சிருந்தவள். அண்டைக்கே கொண்டு போயிருந்தா என்ட பிள்ளை இருந்திருப்பான்." என் மனைவி அப்போது ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் தலையை நிமிர்த்தாமல் கிளாசுகளைக் கழுவி முடித்தாள்.

அன்றிலிருந்து அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. பூச்சாடித் தட்டு, வாளி, படிக்கட்டு, கதவுப்பிடி எல்லாவற்றுக்கும் மருந்துத் தண்ணீர். தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்குமே, அந்த மருந்து. கீழே வீட்டுக்காரம்மாவின் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியைக்கூட விடவில்லை. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வார்ட்போல மணத்தது. நான் சாப்பிடுகிற கோப்பையிலும் அந்த வாசம் வரும். அதைச் சொன்னால் அழுவாள் என்று சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒரு காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. வெட்டினதைத் திரும்ப ஒட்டலாமாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "அவன்ட இடத்துக்கு வேற ஒருத்தன் வருவானோ?" என்றேன்.

"அவன்ட இடத்துக்கு ஆர் கேட்டது? அது அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு பிள்ளையைத் தூக்க வேணும். என்ட கை சும்மா கிடக்குது." கையை நீட்டிக் காட்டினாள். மருந்துத் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்திருந்தது. "எனக்கு இப்ப முப்பத்தெட்டு. நீங்க யோசிச்சு முடிக்க எனக்கு நாப்பது ஆயிடும்."

"உமக்கு அண்டைக்கு நடந்தது மறந்து போச்சோ? இரத்தம் போனது?"

"மறக்கேல்ல. அப்படிப் போய்ச் செத்தாலும் பரவாயில்ல. சும்மா இருந்து சாக ஏலாது."

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன பேசுவது? அவளோடு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் சிங்களவர், என்னைவிட இளமை. ஒரு கடதாசியில் குழாயை வரைந்து, நடுவில் வெட்டி, திரும்ப ஒட்டிக் காட்டினார். நாள் முழுக்கப் பைப் விற்கிறவனுக்குப் பைப் படம். முடியைவிட மெல்லிய நூலால், பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தைப்பார்களாம். வெட்டி வருஷங்கள் கூடப் போனால் வாய்ப்புக் குறையும் என்றார். ஒட்டினாலும் சில பேருக்குக் கொஞ்ச மாதம் திறந்திருந்துவிட்டு, தழும்பு வளர்ந்து திரும்ப மூடிவிடும் என்றும் சொன்னார். எங்கள் கடையில் பொருத்து ஒழுகினால் வாங்கினவன் கொண்டுவந்து மேசையில் எறிந்து ஏசுவான். இங்கே யாருடைய மேசையில் எறிவது என்று யோசித்தேன். என் மனைவி ஒன்றும் யோசிக்கவில்லை. "எப்ப செய்யலாம்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

செய்தார்கள். முந்தினது போலில்லை, நெடுநேரம் எடுத்தது. வீங்கிப்போய், காலை அகட்டி வாத்துப்போல நடந்தேன். கடையில் ஹேர்னியா என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கும் அதே கதைதான். பாவம், "என்ட மனுசனுக்கும் இதுதான் தம்பி இருந்தது" என்று சூப் வைத்துக் கொண்டுவந்து, தன் கணவருடைய ஹேர்னியாவின் வரலாறு முழுவதையும் சொன்னார். குடித்துக்கொண்டே கேட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடம். டொக்டருக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை. போத்தலைத் தந்து ஒரு சின்ன அறையைக் காட்டினார்கள். அறைக்குள் ஒரு கதிரை, கைகழுவும் தொட்டி, சுவரில் போன வருஷக் கலண்டர். கதவுக்கு வெளியே ஆட்கள் வரிசையாக இருந்து இருமுகிறார்கள். ஒரு பிள்ளை நம்பர் கூப்பிடுகிறாள். நான் போத்தலைத் திறந்தேன், தொட்டியின் ஓரத்தில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் போத்தலோடு வெளியே வந்தபோது, வாங்கில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நம்பர் கூப்பிட்ட பிள்ளை நல்லவள். "அங்கிள், வீட்டில எடுத்துக்கொண்டு வரலாம், ஆனா ஒரு மணித்தியாலத்துக்குள்ள வர வேணும். சூடு குறையக்கூடாது, உடம்போட அணைச்சுக் கொண்டு வாங்க" என்றாள். அந்தப் போத்தலையே கொண்டு போகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி போத்தலை என் கையிலிருந்து வாங்கினாள். "அந்த ரூமில எங்க வைச்சனீங்க? ஆரார்ட கை பட்டதோ" என்று சொல்லிக்கொண்டே சுடுதண்ணீர் வைத்தாள். மகனுடைய பால் போத்தலைக் கழுவிய அதே முறை. முதலில் சோப், பிறகு சுடுதண்ணீர், கடைசியில் மருந்துத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னையும் அதுக்குள்ள போட்டுக் குலுக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். மகன் போனதற்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் போத்தல் கழுவக் கொடுத்திருப்பேன்.

அடுத்த நாள் காலைதான் குளியலறை. மனைவி மேலே படியில் சேலை கட்டி ஆயத்தமாக நிற்கிறாள். ஆட்டோ வாசலில் நிற்கிறது. நான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மற்றக் கையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுகிறார்.

"தம்பி, வயிறு சரியில்லையோ?"

"இல்ல அன்டி. வாறன்."

"அவசரமில்ல. ஓமத் தண்ணி வைக்கட்டோ?"

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே கண்ணீர் வந்தது. ஆனால் தோற்றுப்போய் அவள் முன்னால் இரண்டாம் தரமும் வெறும் போத்தலோடு நிற்க முடியாது என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. எப்படியோ முடிந்தது. ஆசையால் முடியவில்லை, பயத்தால் முடிந்தது.

என் மனைவி படியில் வைத்தே போத்தலை வாங்கித் தன் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துச் சேலையால் மூடிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியதும், "மல்லி, பொட்டக் இக்மனட்ட யமு" என்று கொஞ்சம் விரைவாகப் போகச் சொன்னேன். புறக்கோட்டையில் ஒரு லொறி குறுக்கே நின்று வெங்காய மூட்டை இறக்கியது. என் மனைவி கோழிக்குஞ்சைப் பொத்துகிறமாதிரி நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தாள். சாரதி கண்ணாடியில் பார்த்தார். "நோனாவுக்கு நெஞ்சு வலியா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மனுஷன் ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு, கடற்கரை வீதியால் அம்புலன்ஸ்போல ஓட்டினார்.

காலிமுகத்திடல் தாண்டியபோது அவள் என் பக்கம் சரிந்து காதுக்குள் சொன்னாள்: "இன்னும் சூடாத்தான் இருக்கு."

அந்த ஒரு ஓட்டத்தில் நாங்கள் பிள்ளையோடு போகிறவர்கள் மாதிரித்தான் இருந்தோம்.

நேரத்துக்குள் கொடுத்துவிட்டோம். மறுநாள் முடிவு எடுக்கப் போனோம். கவுண்டரில் நின்றபடியே பிரித்துப் பார்த்தேன். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். விந்தணு இருக்கிறது. அசைவது ஒன்றுமில்லை. எல்லாம் இறந்தவை.

"என்னவாம்?" என்றாள்.

"இருக்குதாம். ஆனா ஒண்டுக்கும் உயிர் இல்லையாம்."

ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் இருந்தோம். கல்கிசைப் பக்கம் ஒரு ரெயில் போனது, வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு. அது போய் முடிந்ததும் சொன்னாள்: "எங்கட வீட்டில உயிரோட ஒண்டும் தங்காதாக்கும்."

டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. எதற்குப் போவது? செத்ததைச் செத்தது என்று இன்னொருவர் வாயால் கேட்பதற்கா? அவள் பாயை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன முகம் இருந்தது எனக்கு? என் உடம்புக்குள் இருப்பதெல்லாம் பிணம் என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். கடையால் வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். அவள் கழுவுவாள். மாதங்கள் அப்படியே போயின. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர் மாதிரி இருந்தோம்.

பிறகு ஒரு நாள் டொக்டருடைய தாதி போன் எடுத்து, ஏன் வரவில்லை என்று ஏசினாள். அவளுடைய ஏச்சுக்குப் பயந்துதான் போனோம் என்று சொல்ல வேண்டும்.

டொக்டர் முடிவைப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். "இதை வைத்துக்கொண்டா இவ்வளவு காலமும் வீட்டில் இருந்தீர்கள்?" என்றார். நல்ல எண்ணிக்கை இருக்கிறதாம். குழாய் திறந்துவிட்டதாம். சத்திர சிகிச்சை சரிவந்திருக்கிறதாம். "ஆனால் எல்லாமே ஒன்றாகச் செத்திருப்பது வழமையில்லை. போத்தலுக்குள் ஏதாவது போட்டீர்களா? எதனாலாவது கழுவினீர்களா?"

என் மனைவிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். மடியில் இருந்த பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தவளின் விரல் பாதியில் நின்றது.

"நான்தான் கழுவினனான் டொக்டர்" என்று சிங்களத்தில் சொன்னேன். "கிருமி இருக்கும் எண்டு மருந்துத் தண்ணி விட்டுக் கழுவினனான்."

டொக்டர் கையிலிருந்த பேனையை மேசையில் போட்டார். கிருமியைக் கொல்லுகிற மருந்து இதை மட்டும் விட்டுவைக்குமா, படித்த ஆள் மாதிரித் தெரிகிறீர்களே என்று ஏசினார். ஏசட்டும் என்று இருந்தேன். ஏச ஏச எனக்குள் ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவை செத்துப் பிறக்கவில்லை. உயிரோடுதான் வந்தன. என் உடம்பில் உயிர் இருந்தது.

"சரி, நடந்தது நடந்துவிட்டது" என்றார் டொக்டர். "இந்த மாதங்களில் நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் முயற்சி செய்துகொண்டுதானே இருந்தீர்கள்?"

நான் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஹோலில் விரித்திருந்த பாய்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அன்றைக்கே திரும்பப் பரிசோதிக்கச் சொன்னார். அதே வெள்ளவத்தை, அதே சின்ன அறை, அதே கலண்டர். இந்த முறை ஆட்கள் இருமினது எனக்குக் கேட்கவேயில்லை. முடித்துக்கொண்டு வெளியே வந்து, போத்தலை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தேன். அவசரம் என்று டொக்டர் எழுதியிருந்தபடியால் பின்னேரமே முடிவு தந்தார்கள். வெளியே எங்கும் போகாமல் வாங்கிலேயே இருந்தோம். என் மனைவி என் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மாதக் கணக்கில் அவள் என்னைத் தொட்டதில்லை.

ஒன்றுமில்லை. இந்த முறை செத்தவைகூட இல்லை. டொக்டர் போனில் அமைதியாகத்தான் கதைத்தார். தழும்பு வளர்ந்து குழாய் மூடிவிட்டதாம். முதல் நாளே சொன்னேனே என்றார். ஆம், கடதாசியில் வரைந்துகூடக் காட்டினவர். இன்னொரு தரம் வெட்டித் தைத்துப் பார்க்கலாம், ஆனால் இரண்டாம் தரம் இதைவிடக் கஷ்டம், நோனாவின் வயதையும் யோசியுங்கள் என்றார். அந்தக் கொஞ்ச மாதங்கள் கதவு திறந்திருந்தது. நாங்கள் உள்ளே ஒருவருக்கொருவர் முதுகு காட்டிப் படுத்திருந்தோம்.

காலி வீதிக்கு வந்து கொட்டாஞ்சேனைப் பஸ்ஸுக்கு நின்றோம். வேலை விட்ட நேரம். வந்த பஸ் எல்லாம் நிரம்பி வந்தது. ஏறலாம் என்று நான் சொன்ன பஸ்களையும் அவள் போகவிட்டாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தேடினேன். இன்னொரு தரம் வெட்டிக்கொள்ளுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது அவள்தான் முதலில் கதைத்தாள்.

"போத்தலை நீங்க கழுவேல்ல."

"ஆர் கழுவினா என்னப்பா."

"என்ட கையால கழுவினது எனக்குத் தெரியாதோ? குலுக்கினதும் நான். கவிட்டு வைச்சதும் நான்."

"நானும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனான். விடும்."

அவள் அழவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாம் ஆளின் கதையைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காகத்தான் அந்தப் பொய் சொன்னீங்க எண்டு விளங்கிச்சு. அண்டைக்குச் செத்த வீட்டில அக்கா கதைக்கேக்க, ஆராவது ஒராள் இப்படி ஒரு பொய் சொல்லியிருந்தா, நான் இவ்வளவு கழுவியிருக்க மாட்டன்."

பஸ் வந்தது. சனம் நிறைந்திருந்தது. அவள் உரிந்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். நான் அவளுக்குப் பின்னால் ஏறினேன்.